வன்னியைக் கடந்து மலையேறிய தவளை

ஐப்பசியில் முதல் பெருமழை இறங்கிய இரவு, கிளிநொச்சியில் வயலோரம் வீடுள்ளவர்களுக்குத் தூக்கம் குறைவு. பகல்வரை வெடித்துக் கிடந்த நிலம் இருட்டியதும் கத்தத் தொடங்கும். கோடை முழுவதும் மண்ணுக்குள் கிடந்த தவளைகள் ஒரே நேரத்தில் வெளியே வந்து, தேங்கிய தண்ணீர் வற்றுமுன் குடும்பம் நடத்தி முடிக்கும் அவசரத்தில் இருக்கும். மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் தவளைக்கு நுணல் என்று தமிழில் தனிப் பெயரே உண்டு. அது தன் வாயாலேயே கெடும் என்ற பழமொழியும் உண்டு. கிளிநொச்சி அடங்கிய வன்னி போன்ற உலர்ந்த நிலத்தில் வாழ்ந்த ஒருவர்தான் அப்படி ஒரு பழமொழியைச் சொல்லியிருக்க முடியும். மலைக்காட்டில் பிறந்தவருக்கு அது தோன்றியிராது. அங்கே தவளை மண்ணுக்குள் போய் ஒளிய வேண்டிய மாதமே கிடையாது.

கிளிநொச்சியிலிருந்து நேர் தெற்கே, காகம் பறக்கிற கணக்கில் 300 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் சிவனொளிபாதமலை நிற்கிறது. உயரம் 2,243 மீற்றர். அதைச் சுற்றியுள்ள மேகக்காட்டில் ஒரு சிறு தவளை இருக்கிறது. பச்சை உடம்பு, அதன்மேல் இளஞ்சிவப்பு ஓடிய வெள்ளைப் புள்ளிகள், யாரோ தூரிகையை உதறிவிட்டதுபோல. இந்தத் தவளை தண்ணீரில் முட்டையிடும் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. அதற்குக் குளமும் வேண்டாம், ஓடையும் வேண்டாம். வாழ்நாளில் ஒருநாள்கூட அது நீந்தும் வாற்பேத்தையாக இருந்ததில்லை.

வன்னிக்கும் இந்தத் தவளைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்பு இருக்கிறது. வன்னியின் வறட்சி இல்லையென்றால் அப்படி ஒரு தவளை அந்த மலையில் இருந்திருக்காது.

முதலில் அதைக் கண்டவர் கதை. எட்வேட் பிரெட்றிக் கெலாட் 1819இல் இலங்கையிலேயே பிறந்தவர். பிரித்தானிய இராணுவத்தில் வைத்தியர். நுவரெலியாவில் பணியாற்றிய காலத்தில் நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில் எலி, பல்லி, தவளை என்று அகப்பட்டதையெல்லாம் எழுதி வைத்தார். இலங்கையின் விலங்குகள் பற்றிய அவருடைய நூல் 1852இல் வந்தது. மறு ஆண்டு, 1853இல், நுவரெலியாவில் பிடிபட்ட ஒரு புள்ளித் தவளைக்கு இலத்தீனில் விண்மீனைக் குறிக்கும் சொல்லை வைத்து 'ஸ்டெல்லாட்டா' என்று பெயரிட்டார். பிற்காலத்தில் அரசாங்கம் அவரை மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிகளை ஆராயப் பணித்தது. மலையுச்சித் தவளையையும் மன்னார்க் கடலடிச் சிப்பியையும் ஒரே கண்ணால் பார்த்த மனிதர் இலங்கையில் வேறு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! 1860இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலேயே இறந்துபோனார்.

அவர் வைத்துப் பார்த்து எழுதிய அந்த மூலத் தவளையும் காணாமற்போனது. மிஞ்சியது சில வரி விவரணை மட்டும். ஒரு இனத்துக்கு முதற்பெயர் வைக்கும்போது கையில் இருந்த உடலே பின்னாளில் வருகிறவர்களுக்கு அளவுகோல். அது தொலைந்தால் காணித் தகராற்றில் உறுதிப் பத்திரம் தொலைந்த மாதிரி. 'புள்ளியுள்ள பச்சைத் தவளை' என்று யார் எதைக் காட்டினாலும், இதுதான் அது என்று அடித்துச் சொல்லவும் முடியாது, இல்லையென்று மறுக்கவும் முடியாது. நுவரெலியாவிலோ காடு போய் நகரமும் மரக்கறித் தோட்டமும் தேயிலையும் வந்துவிட்டன. நூற்றைம்பது ஆண்டுகளாக ஒருவர் கண்ணிலும் படாததால், அந்தத் தவளை பூமியிலிருந்தே போய்விட்டது என்று அழிந்தவற்றின் பட்டியலில் சேர்த்தார்கள்.

2009இல் மெண்டிஸ் விக்ரமசிங்கவும் அவருடைய குழுவினரும் சிவனொளிபாதமலைக் காட்டில் இரவு இரவாகத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தேடியபோது அது மறுபடி அகப்பட்டது. கெலாட்டின் பழைய வரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, இதுவேதான் என்று உறுதி செய்து 2013இல் வெளியிட்டார்கள். தொலைந்த மூல உடலுக்குப் பதிலாகப் புதிய மாதிரி ஒன்றும் நியமிக்கப்பட்டது. இன்றைய அறிவியற் பெயர் சூடோஃபிலாட்டஸ் ஸ்டெல்லேட்டஸ். 2009 என்றால் வன்னி வாசகருக்குப் போரின் இறுதி நாட்களின் நினைவுதான் முதலில் வரும். அதன் பக்கத்தில் இந்தச் செய்தி மிகச் சிறியது. ஆனாலும் இலங்கையின் காட்டுக் கணக்கேட்டில் அந்த ஆண்டுக்கு இப்படியும் ஒரு வரி இருக்கிறது.

அந்தக் காடு ஒன்றை மட்டும் திருப்பித் தரவில்லை. 1872இல் பெயர் பெற்றுப் பின் மறைந்துபோன கண்டிக் குறுந்தேரையும், 1876இல் விவரிக்கப்பட்ட இன்னொரு புதர்த் தவளையும் அதே மலைச்சரிவுகளில் உயிரோடு இருந்தன. 2013இல் அங்கிருந்து எட்டுப் புதிய இனங்கள் ஒரே கட்டுரையில் விவரிக்கப்பட்டன. சுமார் 224 சதுர கிலோமீற்றர் பரப்பு. முல்லைத்தீவு மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வராது. அவ்வளவு சிறிய காட்டுக்குள் விஞ்ஞானிகளே கணக்கு வைத்திராத இத்தனை தவளைகள்!

எப்படி இத்தனை? பதில் முட்டைக்குள் இருக்கிறது.

சாதாரணத் தவளைக்கு இரண்டு பிறவி. முட்டையிலிருந்து மீன்போல் வாலும் செவுளுமாக வெளிவந்து தண்ணீரில் மேய்ந்து திரியும். பிறகு கால் முளைத்து, வால் சுருங்கி, கரையேறும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வரைந்த படம்தான். ஸ்டெல்லேட்டஸ் முதலான இலங்கைப் புதர்த் தவளைகளுக்கு அந்தப் படம் பொருந்தாது. அவற்றின் முட்டையில் மஞ்சட்கரு அதிகம். முளையம் வெளியே போய் இரை தேட வேண்டிய தேவையில்லை. வாற்பேத்தைப் பருவம் முழுவதும் அந்த ஒற்றை முட்டைக்குள்ளேயே கழிந்துவிடும். நீந்துவதற்கான வால் அங்கே வேறு வேலை பார்க்கிறது: மெல்லிய சவ்வாகப் பரந்து, குருதிக்கலன்கள் நிறைந்து, முட்டைச் சுவரை ஒட்டிக்கொண்டு ஒட்சிசனை உள்ளே இழுக்கிறது. சில வாரம் சென்றபின் முட்டையைக் கிழித்துக்கொண்டு வருவது நான்கு காலும் உள்ள தவளைதான். அளவில் ஒரு பச்சரிசி மணி. குளத்தையே சுருட்டி முட்டைக்குள் வைத்துக்கொண்டு வருகிற பிள்ளை என்று சொல்லலாம்.

பெரும்பாலான இனங்களில் பெண் தவளை ஆணை முதுகில் சுமந்தபடியே நிலத்துக்கு இறங்கி, மண்ணைத் தோண்டிக் குழி செய்து, முட்டைகளை மண்ணோடு பிசைந்து மூடிவிட்டுப் போய்விடும். சில இனங்கள் மட்டும் இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டவைக்கும். ஹோட்டன் சமவெளிப் பக்கத்துக் கரும்பச்சைக் காடுகளில் வாழும் ஃபெமோராலிஸ் என்ற சின்னஞ்சிறு பச்சைத் தவளை அப்படிப்பட்டது. ஒரு தடவைக்கு இடும் முட்டைகள் சில பத்து. வயலில் கத்தும் தேரை ஆயிரக்கணக்கில் இட்டு, அதில் ஒன்றிரண்டு பிழைத்தால் போதும் என்று விட்டுவிடுகிறது; மலைத் தவளையோ கொஞ்சமாக இட்டு, ஒவ்வொன்றுக்கும் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தனுப்புகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய இலாபமும் ஒரு பெரிய இக்கட்டும் உண்டு. இலாபம்: குளத்தில் காத்திருக்கும் மீன், தும்பிக் குடம்பி, தண்ணீர்ப் பாம்பு எல்லாவற்றிலிருந்தும் விடுதலை. தண்ணீரே இல்லாத செங்குத்துச் சரிவிலும் வாழலாம். இக்கட்டு: தவளை முட்டைக்கு ஓடு இல்லை. காற்றில் ஈரம் குறைந்தால் கோழி முட்டைபோல் தாக்குப்பிடிக்காது. சில மணி நேரத்தில் வற்றிவிடும். மண்ணும் இலையும் ஓயாமல் நனைந்திருக்க வேண்டும். அப்படி நனைந்திருக்கிற இடம் பெரும்பாலும் மழைக்காடும் மேகம் வந்து உட்காரும் மலையும்தான். குளத்தை விட்ட தவளை மேகத்தின் கையில் அகப்பட்டுக்கொண்டது.

அதனால்தான் இத்தனை இனம். ஒரு மலைமுடியில் வாழும் கூட்டம் அடுத்த மலைமுடிக்குப் போக வேண்டுமானால் நடுவிலுள்ள சூடான பள்ளத்தாக்கைத் தாண்ட வேண்டும். ஒரு அங்குலத் தவளைக்கு அது பாலைவனம். நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் மத்திய மலைகளுக்கும் இடையில் மகாவலிப் பள்ளத்தாக்கு கிடக்கிறது; இறக்குவானை மலைகள் தெற்கே தனியாக நிற்கின்றன. மூன்று இடத்திலும் மூன்று விதத் தவளைகள். நக்கிள்ஸில் வாழும் சில இனங்களை நுவரெலியாவில் தேடிப் பயனில்லை. இறக்குவானையின் மோர்னிங்சைட் காட்டில் கத்துகிறவை சில வேறெங்கும் கத்துவதில்லை. கடல் நடுவே தீவுகள் போல, சூட்டின் நடுவே குளிர்ந்த தீவுகள். கூர்ப்பு ஒவ்வொரு தீவிலும் தன்பாட்டுக்குத் தனி வேலை பார்த்திருக்கிறது. இலங்கையில் மட்டும் சூடோஃபிலாட்டஸ் சாதியில் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் பெயர் பெற்றிருக்கின்றன, அழிந்தவற்றையும் சேர்த்து.

2002இல் மாதவ மேகஸ்கும்புரவும் ரொஹான் பெத்தியாகொட உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் 'சயன்ஸ்' இதழில் இந்த விடயத்தை உலகுக்குச் சொன்னபோது நம்புவது எளிதாக இருக்கவில்லை. ஓரளவு சின்னத் தீவு; அதிலும் ஆதி மழைக்காட்டில் மிஞ்சியது இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு; அதற்குள் நூறு தவளை இனமா? மரபணுவைப் பார்த்தார்கள், கத்தும் ஓசையைப் பதிவு செய்தார்கள், எலும்பை அளந்தார்கள். 2005இல் கெலும் மனமேந்திர ஆரச்சியும் பெத்தியாகொடவும் ஒரே ஆய்வுக் கட்டுரையில் 27 புதிய இனங்களை விவரித்தபோது சந்தேகம் அடங்கியது. இந்த வேலையில் காதுக்குத்தான் முதலிடம். பகலில் இலையோடு இலையாக இருக்கும் தவளையைக் கண்டுபிடிப்பது கடினம். இரவில் ஆண் தவளை 'டிக், டிக்' என்று துணை தேடுகையில்தான் ஆய்வாளர் அதன் கிளைக்குப் போய்ச் சேர்கிறார். நுணலுக்குச் சொன்ன பழமொழி மலையிலும் பலிக்கிறது. ஆனால் இங்கே கெடுவதற்குப் பதில் பெயர் கிடைக்கிறது.

பெயர் கிடைக்குமுன்பே கெட்டவையும் இருக்கின்றன. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போத்தல்களில் 19ஆம் நூற்றாண்டு முதல் ஊறிக் கிடந்த இலங்கைத் தவளைகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் இரண்டு இதுவரை எவரும் பெயரிடாத இனம் என்று கண்டார்கள். 2007இல் மாயா, பார்டஸ் என்று பெயரிட்டார்கள். பெயரிட்ட அன்றே அவை அழிந்தவை. எந்தக் காட்டிலும் மறுபடி காணப்படவில்லை. 2004இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போட்ட கணக்கில், உலகில் அழிந்துபோன ஈரூடகவாழிகளில் பாதிக்கு மேற்பட்டவை இலங்கைக்குரியவை. பிறகு விண்மீன் தவளைபோல் சில திரும்பி வந்ததால் அந்தக் கணக்கு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

காட்டை அழித்தது எது என்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1830களில் கோப்பி. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியைத் தின்றது. அதற்குள் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867இல் தேயிலையைத் தொடங்கியிருந்தார். காட்டை வெட்டியவர்கள் யார்? பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர். மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டின் ஓரமாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று மாத்தளைவரை நடந்தே போனவர்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்து போனவர்களுக்குக் கல்லறையும் இல்லை. உயிரோடு போய்ச் சேர்ந்தவர்கள் கையில் கோடரி கொடுக்கப்பட்டது. அதே மக்களின் பேரப்பிள்ளைகள் 1958, 1977 இனவன்முறைகளுக்குப் பின் மறுபடி வடக்கே நடந்தார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியிருந்தார்கள். இன்று அங்கே 'எங்கட அப்பாட்ட ஊர் அட்டன், மஸ்கெலியா' என்று சொல்லும் குடும்பங்கள் ஏராளம். சிவனொளிபாதமலைக்கு யாத்திரைக்காலத்தில் போய் நல்லதண்ணிப் பக்கமிருந்து படியேறும் அவர்கள், இருபுறத்துப் புதர்களிலும் எதைக் கடந்து போகிறோம் என்று அறிந்திருக்க வாய்ப்பில்லை.

இனித்தான் வன்னிக் கதை. அந்தத் தொழிலாளர் நடந்த வழியில் தவளையும் நடந்திருக்கிறது. சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்.

புதர்த் தவளைகளின் மரபணுவை வைத்து அவற்றின் குலவழியைக் கணித்து மேகஸ்கும்புர குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இது: இலங்கையின் சூடோஃபிலாட்டஸ் தவளைகள் எல்லாம் இந்தியாவிலிருந்து வந்த ஒரே மூதாதைக் கூட்டத்தின் வழிவந்தவை. ஒரே ஒரு வருகை, அதிலிருந்து இத்தனை கிளை. பிறகு, தொண்ணூறு இலட்சம் ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன், அவற்றில் ஒரு கிளை மறுபடி இந்தியாவுக்குப் போய் மேற்குத் தொடர்ச்சி மலையில் குடியேறியது. வயநாட்டின் பெயரைத் தாங்கிய ஒரு புதர்த் தவளை அந்தத் திரும்பிப்போன கிளையின் பிள்ளை. ஆக, இந்தியாவின் சில தவளைகளுக்கு இலங்கைதான் தாய்வீடு.

இரு நாட்டுக்கும் இடையே பாக்கு நீரிணை ஆழமில்லாதது. கடல்மட்டம் தாழ்ந்த காலங்களில் நிலமாகவே கிடந்திருக்கிறது. வந்தவை எந்த வழியால் வந்தாலும் வடக்கின் தாழ்நிலத்தை மிதிக்காமல் மலைக்குப் போயிருக்க முடியாது. இன்றைய மன்னார், வவுனியா, கிளிநொச்சி எல்லைகளுக்குள் அப்போது ஈரமான காடு இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடில்லா முட்டை பிழைத்திருக்காது. முதிரையும் பாலையும் நிற்கும் இன்றைய காட்டை வைத்து அதைக் கற்பனை செய்வது கடினம்.

வியப்பு அடுத்த கட்டத்தில்தான். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இப்போதையதைவிட நூற்றுச் சொச்சம் மீற்றர் கீழே இருந்தது. இராமேஸ்வரத்திலிருந்து மன்னாருக்குக் கால்நனையாமல் நடந்து வரலாம். யானை வந்தது, சிறுத்தை வந்தது. மலைத் தவளை மட்டும் வரவும் இல்லை, போகவும் இல்லை. பிராங்கி பொசுயிற்றும் சக ஆய்வாளர்களும் 2004இல் காட்டியது இதைத்தான்: நிலப்பாலம் பலமுறை போடப்பட்டும், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கை மலைக்கும் இடையே ஈரக்காட்டு உயிர்களின் போக்குவரத்து மிகச் சொற்பம். பாலம் திறந்திருந்தது; பாலத்தின் இருகரையும் காய்ந்திருந்தது. ஒருபக்கம் இராமநாதபுரம், மறுபக்கம் வன்னி. மலைத் தவளைக்குக் கடலைவிடப் பெரிய தடை இந்த வறண்ட நிலம்.

வன்னித் தவளைகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கிளிநொச்சி முற்றத்துச் சொறித்தேரையும், குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் மரத்தேரையும், வயல் வரம்பில் கையகல உடம்போடு உட்கார்ந்து எதிர்ப்பட்டதையெல்லாம் விழுங்கும் பெருந்தவளையும் அக்கரையில் இராமநாதபுரத்திலும் அதே இனமாக இருக்கின்றன. வறட்சி தெரிந்தவை, மண்ணுக்குள் தூங்கத் தெரிந்தவை, குளமும் குட்டையும் தேடிப் போகத் தெரிந்தவை. அவற்றுக்கு இந்த நிலம் வீதி. மலைத் தவளைக்கோ இதே நிலம் மதில். வடக்கே இந்த மதில் இருந்ததால்தான் தெற்கே மலைகள் தனித்தீவாகி, உலகில் வேறெங்கும் இல்லாத தவளைகளை வளர்த்தன. மலையின் செல்வத்துக்குக் காவல் போட்டது வன்னியின் கோடை என்று சொன்னால் மிகையில்லை.

தமிழ்நாட்டுப் பக்கத்திலும் இதேபோன்ற ஒரு கதை ஓடியிருக்கிறது, நடிகர்கள் மட்டும் வேறு. அங்கே ராவோர்செஸ்டஸ் என்ற உறவுச் சாதி. அவையும் வாற்பேத்தை இல்லாதவை. திருநெல்வேலிக் களக்காடு – முண்டந்துறைக் காட்டில் ஒரு இனம் ஈற்றை மூங்கிலின் கணுவிடைக்குள் சிறு துளை வழியே புகுந்து முட்டையிடுகிறது. 1876இல் விவரிக்கப்பட்டு, நூறாண்டுக்கு மேல் காணாமற்போய், மறுபடி கண்டதாக 2011இல் அறிவிக்கப்பட்ட தவளை அது. சேஷாத்ரி என்ற ஆய்வாளர் அதன் குடும்ப வாழ்க்கையைக் கவனித்தார். ஆண்தான் முட்டைக்குக் காவல் இருக்கிறது. அதை அகற்றிப் பார்த்தால், அயல்வீட்டு ஆண் வந்து முட்டைகளைத் தின்றுவிடுகிறது! கேரளத்தின் ஆனைமுடியில் 2010இல் விவரிக்கப்பட்ட செந்நிறத் தவளை ஒன்றின் முழு உலகமே சில சதுர கிலோமீற்றர்தான்.

இவ்வளவு சிறிய உலகத்தில் வாழ்வதன் ஆபத்து வெளிப்படை. சிவனொளிபாதமலைக் காடும், ஹோட்டன் சமவெளியும், நக்கிள்ஸும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமைத் தலமாயின. ஆகவே கோடரி இன்று பெரிய பயமில்லை. பயம் மேலேயிருந்து வருகிறது. ஹோட்டன் சமவெளியில் பெரிய மரங்கள் நின்றபடியே பட்டுப்போவது 1970களிலிருந்து கவனிக்கப்பட்டு வருகிறது. வெப்பம் ஏறினால் மேகம் உட்காரும் மட்டமும் ஏறும். 1,500 மீற்றரில் வாழும் தவளை 1,700க்குப் போகலாம். உச்சியில் வாழ்வது எங்கே போகும்? பக்கத்து மலைக்குப் போகலாம் என்றால் நடுவில் பள்ளத்தாக்கு. அது எக்காலத்திலும் அதற்கு மூடிய வாசல். 2023இல் வெளியான உலகக் கணக்கெடுப்பின்படி ஈரூடகவாழிகளில் 41 சதவீதம் அழியும் ஆபத்திலிருக்கின்றன. பறவைகளையும் பாலூட்டிகளையும்விட மோசமான நிலை. யாத்திரைப் பாதையோரம் விழும் பிளாஸ்ரிக் போத்தலும் தேயிலைத் தோட்டத்திலிருந்து வழியும் மருந்தும் இந்தப் பெரிய கணக்கின் சின்னச் சின்ன உருப்படிகள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. குளத்தை விட்ட இந்தக் குலத்திலிருந்து ஒன்றிரண்டு பேர் மட்டும் மேகத்தையும் விட்டு உலர்வலயத்துக்கு இறங்கி வந்திருக்கிறார்கள். பாறைத் தொடர்களில் வாழும் ஃபெர்குசன் தவளை ஒருவர். 2005ஆம் ஆண்டின் 27 புதியவர்களில் இருந்த ரேஜியஸ் இன்னொருவர்; ஆங்கிலத்தில் பொலன்னறுவையின் பெயரால் அழைக்கப்படுகிறது. மலையில் உறவினர் நனைந்த பாசிமேல் இருக்க, இது முதிரையும் வீரையும் நிற்கும் காட்டில், வருடத்தில் பல மாதங்கள் சருகு நொறுங்கும் நிலத்தில் வாழ்கிறது. வாற்பேத்தை இதற்கும் இல்லை. முட்டைக்கு ஓடும் இல்லை.

எப்படிச் சமாளிக்கிறது? மொனராகலை மாவட்டத்து நிலகலக் காட்டில் இதன் இனப்பெருக்கத்தைப் பார்த்தவர்கள் 2007இல் எழுதியிருக்கிறார்கள். மழை பெய்து நிலம் ஊறியபின் பெண் தவளை இறங்கிவந்து, ஈர மண்ணைக் கிளறிக் குழியாக்கி, முட்டையிட்டு, மண்ணோடு கலந்து மூடிவிட்டுப் போகிறது. மலையில் செய்வதை அப்படியே, காலம் பார்த்துச் செய்கிறது. மலையில் வருடம் முழுவதும் கிடைக்கிற ஈரத்தை இங்கே மாரியின் சில வாரத்துக்குள் தேடிக்கொள்கிறது. அந்த வாரங்களுக்குள் முட்டையும் குஞ்சாக வேண்டும்.

கார்த்திகையில் குளம் வான்பாயும் இரவுகளில் பெருந்தவளையும் தேரையும் போடும் கூச்சலுக்குள் இந்த ஒரு அங்குலத் தவளையின் குரலைப் பிரித்தறிவது எளிதல்ல. குளக்கட்டிலிருந்து விலகி, காட்டோரத்துப் பற்றைகளுக்குள், முழங்கால் உயரத்துக் கிளைகளில் டோர்ச்சை அடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர்ப் பக்கம் தேடினால் அகப்படாது.